கிழிவதும் வாங்குவதும்
பழந்துணி, சுழற்சிப் பொருளாதாரம், சாதி: சில குறிப்புகள்

'சுழற்சிப் பொருளாதாரம்' என்கிற சொல் இன்று எங்கும் புழங்குகிறது. ஏற்றுமதியாளர் கூட்டங்களில், ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்ட ஆவணங்களில், சூழலியல் கருத்தரங்குகளில், புதுச்சட்டையின் காலரில் தொங்கும் அட்டையில். முதலாளியும் சூழலியலாளரும் அமைச்சரும் ஒரே சொல்லை ஒரே தொனியில் உச்சரிக்கும்போது அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிப்பது நல்லது என்பது என் எண்ணம். விசாரணையின் முடிவில் அதை விடுதலையும் செய்யலாம், உள்ளேயும் தள்ளலாம். இப்போதைக்கு விசாரணை.

இக்கட்டுரையில் நான் செய்ய முயல்வது இதுதான்: இந்தக் கருத்தாக்கம் ஆடை உற்பத்தி பற்றி என்ன சொல்கிறது என்பதை முதலில் விளக்குவது, திருப்பூரிலும் வேறு சில ஊர்களிலும் துணி உண்மையில் எப்படிச் சுழல்கிறது என்று பார்ப்பது, கடைசியாக, பழந்துணி யார் கையிலிருந்து யார் உடம்புக்குப் போகிறது என்கிற கேள்வியை, அதாவது சாதியின் கேள்வியை, இதற்குள் கொண்டுவருவது. சூழலியல் பேசுகிற நம் நண்பர்கள் பலரும் மூன்றாவதைத் தொடுவதே இல்லை. சாதி ஒழிப்புப் பேசுகிற நண்பர்களுக்கோ முதலிரண்டும் ஏதோ பணக்கார நாட்டுக் கவலை. இரண்டும் ஒரே துணியின் இரண்டு பக்கங்கள் என்றே நான் கருதுகிறேன்.

1

முதலில் சொல்லின் வரலாறு. பொருளாதாரம் என்பது இதுவரை நேர்கோடாக இருந்தது: எடு, செய், போடு. பூமியிலிருந்து எடுத்து, ஆலையில் செய்து, குப்பையில் போடுவது. எடுக்கிற இடமும் போடுகிற இடமும் முடிவற்றவை என்கிற நம்பிக்கையில்தான் இந்தக் கோடு ஓடியது. 1966இல் கென்னத் போல்டிங் என்கிற பொருளியலாளர் பூமியை ஒரு விண்கலமாகப் பார்க்கச் சொன்னார். விண்கலத்தில் வெளியே வீச 'வெளி' கிடையாது. அங்கே எவ்வளவு பொருள் உள்ளே வந்து வெளியே போகிறது என்பதைச் செல்வத்தின் அளவாகக் கொள்ள முடியாது; இருப்பதை எவ்வளவு நாள் நன்றாக வைத்திருக்கிறோம் என்பதுதான் அளவு.

1976இல் சுவிட்சர்லாந்தின் கட்டடக் கலைஞர் வால்டர் ஸ்டாஹெல், ஜெனிவீவ் ரெடே என்பவரோடு சேர்ந்து ஐரோப்பிய ஆணையத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் மையக் கேள்வி குப்பையைப் பற்றியது அல்ல. எரிசக்தியின் இடத்தில் மனித உழைப்பை வைக்க முடியுமா என்பதே கேள்வி. புதுப்பொருள் செய்ய எரிசக்தியும் மூலப்பொருளும் நிறைய வேண்டும், ஆள் குறைவாகப் போதும். பழுது பார்க்க எரிசக்தி குறைவு, ஆள் நிறைய வேண்டும். ஆகவே ஒரு பொருளின் ஆயுளை நீட்டினால் வேலையில்லாதவர்களுக்கு வேலை கிடைக்கும். அதாவது சுழற்சி என்கிற யோசனை பிறந்தபோதே உழைப்பைப் பற்றிய யோசனையாகத்தான் பிறந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

நம் பக்கத்தில் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா சிறையில் இருந்தபடி எழுதி, 1945இல் வெளிவந்த நூல் நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றியது. நிலக்கரி, பெட்ரோல் போலத் தேங்கிக் கிடப்பதை எடுத்துத் தீர்க்கும் பொருளாதாரம் ஒன்று. வெயில், மழை, பயிர் என்று ஓடிக்கொண்டே இருப்பதை அளவோடு பயன்படுத்தும் பொருளாதாரம் இன்னொன்று. முதலாவது சண்டைக்கும் சுரண்டலுக்கும் இட்டுச் செல்லும் என்றார். 'சுழற்சி' என்கிற சொல் நமக்கு இறக்குமதி. யோசனை அவ்வளவு அந்நியமில்லை.

2010இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட எலன் மெக்கார்தர் அறக்கட்டளைதான் இந்தக் கருத்தை நிறுவனங்களின் மொழிக்குப் பெயர்த்தது. அது வகுத்த கொள்கைகள் மூன்று: கழிவும் மாசும் வடிவமைப்பிலேயே தோன்றாமல் செய்வது, பொருள்களை அவற்றின் மதிப்புக் குறையாமல் புழக்கத்தில் வைத்திருப்பது, இயற்கையை மீள உயிர்ப்பிப்பது. இரண்டாவது கொள்கைக்குள் ஒரு படிவரிசை இருக்கிறது. ஒரு சட்டையை நீண்ட நாள் உடுத்துவது முதல் படி. தைத்து ஒட்டிச் சரிசெய்வது அடுத்தது. இன்னொருவருக்குக் கொடுப்பது அல்லது விற்பது, பிரித்து வேறொன்றாகத் தைப்பது, இவையெல்லாம் முடியாதபோதுதான் நார்நாராகக் கிழித்து மீண்டும் நூலாக்குவது. கடைசிப் படியில் செலவு அதிகம், இழப்பும் அதிகம். விளம்பரங்களில் நாம் பார்ப்பதோ பெரும்பாலும் இந்தக் கடைசிப் படியைத்தான். ஏன் என்று யோசித்தால், முதல் படியில் விற்பதற்கு ஒன்றுமில்லை.

இதே அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கை, முந்தைய 15 ஆண்டுகளில் உலக ஆடை உற்பத்தி ஏறக்குறைய இரட்டிப்பானதாகவும், ஓர் ஆடை தூக்கி எறியப்படுமுன் உடுத்தப்படும் தடவைகள் 36 சதவீதம் குறைந்ததாகவும் கணக்கிட்டது. ஆடைக்கென எடுத்த பொருளில் 73 சதவீதம் குப்பைமேட்டுக்கோ உலைக்கோ போகிறது. மறுபடி ஆடையாக வருவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. நூற்றில் ஒன்றுகூட இல்லை. 'சுழற்சி' என்று அட்டையில் அச்சடித்திருப்பது இந்த ஒன்றை நம்பித்தான்.

2

உற்பத்தி இரட்டிப்பானதும் உடுத்துவது குறைந்ததும் தனித்தனி நிகழ்வுகளா? இதற்கு ரொலாண் பார்த்தின் துணை தேவைப்படுகிறது. 1967இல் வந்த ஃபேஷன் குறித்த அவருடைய நூலை அமைப்பியல் பாடமாக மட்டும் படித்தவர்கள், அதில் ஒரு பொருளாதாரச் சூத்திரம் ஒளிந்திருப்பதைக் கவனிக்காமல் போயிருக்கலாம். ஆடைக்கு இரண்டு தாளகதிகள் உண்டு என்கிறார் அவர். ஒன்று ஆடை கிழிகிற வேகம். மற்றது நாம் வாங்குகிற வேகம். கிழிகிற வேகமும் வாங்குகிற வேகமும் சமமாக இருந்தால் அங்கே ஃபேஷன் என்று ஒன்று இல்லை. கிழிவது முந்தி, வாங்குவது பிந்தினால் அது வறுமை. வாங்குவது கிழிவதை முந்தும்போதுதான் ஃபேஷன் உண்டாகிறது.

எவ்வளவு எளிமையாக இருக்கிறது பாருங்கள். ஃபேஷன் என்பது நிறத்தையோ வெட்டையோ பற்றிய விஷயமே இல்லை. கிழியாத துணியை விட்டுவிட்டு அடுத்ததை வாங்க வைக்கும் ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு மொழி வேண்டும், படம் வேண்டும், 'இது போன வருஷத்துது' என்கிற வெட்கம் வேண்டும். துணி கிழிவதற்குமுன் அதன் அர்த்தம் கிழிந்துவிட வேண்டும். பத்திரிகையும் விளம்பரமும் செய்கிற வேலை இதுதான்.

அப்படியானால் 'நிலைத்து நிற்கும் ஃபேஷன்' என்கிற தொடருக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. வாங்கும் வேகத்தைத் தொடாமல், வாங்கி எறிந்ததை எங்கே கொண்டுபோவது என்று மட்டும் யோசிப்பது, திறந்த குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போல. இன்னொரு சிக்கலும் உண்டு. 1865இல் ஜெவோன்ஸ் நிலக்கரி பற்றி எழுதியபோது காட்டினார்: இயந்திரத்தின் திறன் கூடினால் நிலக்கரிச் செலவு குறையவில்லை, கூடியது; மலிவானதால் உபயோகம் பெருகிற்று. மறுசுழற்சி நூல் மலிந்தால் அதுவும் புதுநூலின் இடத்தைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து மொத்தத்தைப் பெருக்கலாம். பழையதைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் புதியதற்குத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறார்களே, அந்தக் கூப்பனில் எல்லாம் தெரிகிறது. மனச்சாட்சியைச் சலவை செய்து கொடுத்து, மறுபடி வாங்க அனுப்புகிறார்கள்.

3

இனித் திருப்பூர். சுழற்சியை அங்கே யாரும் கருத்தரங்கில் கற்றுக்கொள்ளவில்லை. பனியன் கம்பெனியின் கட்டிங் டேபிளில் நூறு கிலோ துணி வெட்டினால் பத்துக் கிலோவுக்கு மேல் வேஸ்ட்டாகப் போவது சாதாரணம். கழுத்து வட்டம், கைவளைவு, ஓரம் என்று துண்டு துண்டாக விழுவதை 'கட்டிங் வேஸ்ட்' என்று மூட்டை கட்டி வியாபாரிகள் எடைக்கு எடுக்கிறார்கள். வேஸ்ட் குடோன்களில் பெண்கள் தரையில் உட்கார்ந்து அதை நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். வெள்ளை தனி, கறுப்புத் தனி, நீலத்திலேயே நாலு விதம் தனி. லேபிள், ரப்பர், தையல் நூல் எல்லாவற்றையும் கத்தரித்து எடுக்க வேண்டும். லைக்ரா கலந்த துணியைக் கையில் இழுத்துப் பார்த்தே ஒதுக்குகிறார்கள். எந்தக் கருவியும் இல்லாமல் விரல் நுனியில் நார் அறியும் இந்த அறிவுக்குத் தினக்கூலி என்று பெயர்.

பிரித்த துணி, பற்கள் பொருத்திய உருளைகளில் கிழிபட்டு மறுபடி பஞ்சாகிறது. இப்படிக் கிழியும்போது பருத்தி இழையின் நீளம் குறைந்துவிடும். நீளம் குறைந்த இழையில் மெல்லிய, உறுதியான நூல் வராது. ஆகவே மில் கழிவுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலந்து, கோவை, பல்லடம் வட்டாரத்து 'ஓ.இ.' மில்களில் மொத்த ரக நூலாக நூற்கிறார்கள். அந்த நூல் விசைத்தறிக்குப் போய் லுங்கி, துண்டு, படுக்கை விரிப்பு, தரை துடைக்கும் துணி, கையுறை ஆகிறது. நூலாகவும் ஆகாதது ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் துடைக்கப் போகிறது.

இதில் ஓர் உண்மையான லாபம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நிறவாரியாகப் பிரித்த பஞ்சிலிருந்து வருகிற நூலுக்குச் சாயம் தேவையில்லை. சாயம் தேவையில்லை என்றால் உப்புத் தேவையில்லை. நொய்யலைக் கொன்றதில் பாதி அந்த உப்பு. பருத்தியில் சாயம் பிடிக்க உப்பைக் கொட்டுகிறார்கள். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பு முழுக்கத் தண்ணீரிலேயே நிற்கும். பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாயிற்று. கீழே கரூர் வரைக்கும் விவசாயிகளின் கிணறும் தோப்பும் பாழாயின. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லி, அதுவும் நடைமுறைக்கு வராமல், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் 'கழிவுநீர் வெளியேற்றம் பூஜ்யம்' என்கிற ஏற்பாடு ஊன்றி நின்றது. சவ்வூடு பரவலை எதிர்த்துத் தள்ளி நீரைத் திரும்ப எடுக்கிறார்கள், உப்பையும் மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். உலகத்தில் இந்த அளவுக்கு இதைச் செய்த ஜவுளி ஊர் அபூர்வம். சும்மா சொல்லக் கூடாது, பெரிய காரியம்தான்.

ஆனால் இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்று, இந்தச் சுழற்சியைக் கொண்டுவந்தது எந்த வெளிநாட்டுப் பிராண்டின் நல்லெண்ணமும் இல்லை. நிலம் இழந்த விவசாயிகளின் வழக்கு. இரண்டாவது, நீரைக் கொதிக்க வைத்து உப்பைப் பிரிக்க விறகும் மின்சாரமும் வேண்டும், அந்தச் செலவு பட்டறைக்காரர் தலையில். கடைசியில் மிஞ்சுகிற கசடு மூட்டை மூட்டையாகச் சுத்திகரிப்பு நிலையங்களில் குவிந்தது. வட்டம் முழுசாக மூடுவதில்லை. நிகோலஸ் ஜார்ஜெஸ்கு-ரோகன் 1971இல் எழுதிய நூலில் சொன்னது இதைத்தான்: பொருளாதாரம் பௌதிக விதிகளுக்கு வெளியே இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சக்தியும் கொஞ்சம் பொருளும் மீட்க முடியாதபடி சிதறிப் போகும். சுழற்சி என்று நாம் அழைப்பது மெதுவாகக் கீழிறங்கும் ஒரு சுருள். பனியன் துண்டு லுங்கியாகும், லுங்கி தரைதுடைக்கும் துணியாகும், அதற்கப்புறம் ஒன்றுமாகாது. சுருளை எவ்வளவு மெதுவாக இறங்க வைப்பது என்பதுதான் நம் கையில் உள்ளது.

குடோன் ஒன்றில் ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த பச்சைத் துண்டைக் காட்டி, "ஏனுங்க, இதை இன்னும் ஒருத்தரும் உடுத்துக்கூடப் பாக்கலீங்க. அதுக்குள்ள வேஸ்ட்டுன்னு வந்துருச்சு" என்றார். அவர் சொன்னதில் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. திருப்பூர் சுற்றிவிடுவது உடுத்தாத துணியை. அது சுத்தமானது, எந்த நார் என்று தெரியும், ஒரே இடத்தில் மலைபோலக் கிடைக்கும். உடுத்திக் கழித்த ஆடையின் கதை வேறு. பருத்தி, பாலியஸ்டர், லைக்ரா பின்னிப் பிணைந்து, ஜிப்பும் பொத்தானும் அச்சும் ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பிரிக்க இன்னும் மலிவான வழி கிடையாது. ரசாயன முறையில் பருத்தியைக் கரைத்துப் புது நாராக்க 2022இல் ஆலை திறந்த ஸ்வீடனின் ரினியூசெல் நிறுவனம் 2024 பிப்ரவரியில் திவாலானது. தொழில்நுட்பம் வேலை செய்தது. பெரிய பிராண்டுகள் வாங்குவதாகச் சொன்ன அளவுக்கு வாங்கவில்லை. பிறகு அது கை மாறியது.

பாலியஸ்டர் கதை இன்னும் வேடிக்கை. உலகத்தில் உற்பத்தியாகும் நாரில் பாதிக்கு மேல் இன்று அதுதான். 'மறுசுழற்சிப் பாலியஸ்டர்' என்று சட்டையில் போட்டிருந்தால் அது அநேகமாகப் பழைய சட்டையிலிருந்து வந்ததில்லை. தண்ணீர் பாட்டிலிலிருந்து வந்தது. பாட்டிலை மறுபடி பாட்டிலாக்க முடியும். சட்டையாக்கிவிட்டால் அதற்கப்புறம் போக்கிடம் குப்பைமேடு. ஒரு சுழற்சியிலிருந்து பிடுங்கி நேர்கோட்டில் விட்டுவிட்டு, அதற்குச் சுழற்சி என்று பெயர்.

4

பழந்துணியை நூலாக்குவது புதுசா? யார்க்‌ஷயரில் பேட்லி என்கிற ஊரில் பெஞ்சமின் லா 1813இல் கம்பளிக் கந்தலைக் கிழித்து மறுபடி நூற்கக் கண்டுபிடித்தார். 'ஷாடி' என்று பெயர். மட்டமான எதற்கும் இன்று ஆங்கிலத்தில் அந்தப் பெயர்தான். மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் உற்பத்தியின் கழிவுகளை முதலாளியம் எப்படிக் காசாக்குகிறது என்று விவரிக்கும் இடத்தில் இந்த ஷாடிக்கு வருகிறார். 1862 முடிவில் ஆங்கிலேயக் கம்பளித் தொழில் உபயோகித்த கம்பளியில் மூன்றிலொரு பங்கு ஷாடி என்கிறார். கூடவே அவருக்கே உரிய நக்கலோடு, இதனால் நுகர்வோருக்குக் கிடைத்த பெரும் நன்மை, ஆடை முன்னைப்போல மூன்றில் ஒரு பங்குக் காலத்திலேயே கிழிந்துவிடுவதுதான் என்கிறார். பார்த்தின் சூத்திரத்தை இத்துடன் சேர்த்துப் பாருங்கள். கழிவை மீட்பதும் கிழிவதை வேகப்படுத்துவதும் ஒரே ஆலையில் ஒரே சமயத்தில் நடக்கலாம். மறுசுழற்சி முதலாளியத்துக்கு எதிரானதல்ல. மூலப்பொருள் விலை ஏறும்போதெல்லாம் அது தானாகச் செய்கிற காரியம்.

பேட்லி செய்ததை இன்று ஹரியானாவின் பானிப்பட் செய்கிறது. பணக்கார நாடுகள் கழித்த கம்பளியும் ஸ்வெட்டரும் குஜராத்தின் காண்ட்லாத் துறைமுகம் வழியாக வருகின்றன. உள்நாட்டுச் சந்தையில் யாரும் அப்படியே உடுத்திவிடக் கூடாது என்று வெட்டிச் சிதைத்துத்தான் கந்தலை இறக்க வேண்டும் என்பது விதி. உடுத்தக்கூடிய துணியைக் கத்தியால் கிழித்தால்தான் சட்டப்படி உள்ளே வரும்! அங்கே உருவான ஷாடிப் போர்வைகள் உலகெங்கும் நிவாரணப் போர்வைகளாகப் போயின. 2012இல் மேக்னா குப்தா எடுத்த 'அன்ராவல்' என்கிற சிறு ஆவணப்படத்தில், பானிப்பட்டின் பெண் தொழிலாளர்கள் இந்தத் துணிகளை எறிந்தவர்களைப் பற்றி ஊகிக்கிறார்கள். அந்த நாடுகளில் தண்ணீர் ரொம்ப விலையோ என்னவோ, துவைப்பதைவிட எறிவது மலிவாக இருக்கும் போல என்பது அவர்களின் ஊகம். அரசியல் பொருளாதாரத்தில் இதைவிட நல்ல விளக்கத்தை நான் அதிகம் படித்ததில்லை. காரணம் தவறாக இருக்கலாம்; கேள்வி சரியானது. துவைப்பதைவிட எறிவது மலிவாக இருக்கிறது என்றால், அந்த மலிவுக்கு விலை கொடுப்பது யார்?

கானாவின் ஆக்ரா நகரில் காண்டமான்டோச் சந்தைக்கு வாரத்துக்கு ஒன்றரைக் கோடி பழைய ஆடைகள் வருவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். உள்ளூர்ப் பேச்சில் இவற்றுக்குச் 'செத்த வெள்ளைக்காரன் துணி' என்று பெயர். உயிரோடு இருப்பவன் இவ்வளவு நல்ல துணியை எறிவானா என்கிற கேள்வி அந்தப் பெயருக்குள் இருக்கிறது. சந்தையின் பெண்கள் தலைச்சுமையாக மூட்டை தூக்குகிறார்கள், வியாபாரிகள் தைத்து, வெளுத்து, சாயமேற்றி விற்கிறார்கள். உலகத்தின் மிகப் பெரிய பழுதுபார்ப்புப் பட்டறைகளில் அது ஒன்று. விற்காதது கடற்கரையில் ஒதுங்குகிறது. 2025 ஜனவரி முதல் வாரத்தில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி தீயில் எரிந்தது. ஐரோப்பாவின் கணக்குப் புத்தகத்தில் இந்த மூட்டைகள் எல்லாம் 'மறுபயன்பாடு' என்று வரவாகியிருக்கும்.

5

இப்போது வீட்டுக்கு வருவோம். நம் மரபே சுழற்சி மரபு, தாத்தா பாட்டி காலத்தில் எதையும் வீணாக்கவில்லை என்று ஒரு பெருமிதப் பேச்சு கிளம்பியிருக்கிறது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றவர்களாம் நாம். ஒரு பருத்திப் புடவை கட்டிக் கட்டி மெத்தென்றானதும் தூளியாகும், பிறகு தலையணை உறை, மாதவிடாய்த் துணி, கரித்துணி, விளக்குத்திரி. கிழிந்தால் ஒட்டுத் தையல். மிஞ்சினால் தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் கொடுத்து எவர்சில்வர் கிண்ணம். எல்லாம் உண்மை. இந்தச் சுழற்சியை இயக்கியது வீட்டுப் பெண்களின் கூலியில்லா உழைப்பு என்பதும் உண்மை. பெருமிதப் பேச்சில் அது வராது.

வராத இன்னொன்று இருக்கிறது. பழந்துணி எந்தத் திசையில் பயணம் செய்தது? மேலிருந்து கீழே மட்டும். மனுதர்ம நூலின் பத்தாம் அத்தியாயம் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறது. பணி செய்யும் சூத்திரனுக்கு மிச்சச் சோறும் பழைய துணியும். சண்டாளனுக்குப் பிணத்தின் துணி. கழிவை மதிப்பாக்கும் இந்த முறையில் ஒரு துணியும் வீணாகவில்லைதான். ஆடையின் ஆயுளை நீட்டிக்கும் வேலை, அதாவது வெளுப்பது, தீட்டுத் துணியைக் கையால் தொடுவது, வண்ணார் தலையிலும் புதிரை வண்ணார் தலையிலும் பிறப்பால் கட்டப்பட்டது. கூலி என்பது வீடு வீடாக வாங்கிய சோறு. ஸ்டாஹெல் 1976இல் கனவு கண்ட 'எரிசக்திக்குப் பதில் உழைப்பு' நம் ஊரில் இந்த வடிவத்தில்தான் இருந்தது. சுழற்சி என்று ஒன்று இருப்பதாலேயே அது நியாயமானதாகிவிடாது என்பதற்கு நம் வரலாற்றைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கும் ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. பனியன்! திருப்பூரை உலக வரைபடத்தில் ஏற்றிய அதே பனியன். நூறு வருஷத்துக்குள் யார் உடம்பில் அது ஏறக் கூடாது என்று தீ வைத்தார்களோ, அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதைத் தைக்கிறார்கள், அதன் வேஸ்ட்டைப் பிரிக்கிறார்கள். திருவிதாங்கூரில் தோள்சீலைக்காகப் பெண்கள் பட்ட அடிக்குப் பிறகுதான் 1859இல் அரசு இறங்கி வந்தது. 1927 டிசம்பரில் மகாடில் அம்பேத்கர் பெண்களைப் பார்த்து, உடையை வைத்துச் சாதி கண்டுபிடிக்க முடியாதபடி மேல்சாதிப் பெண்களைப் போலப் புடவை கட்டுங்கள் என்றார். அவர் கோட்டும் சூட்டும் அணிந்ததை 'மேற்கத்திய மோகம்' என்று சொன்னவர்களுக்கு இந்த வரலாறு தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும்.

பார்த்தின் மூன்று நிலைகள் ஐரோப்பாவில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தவை போலத் தோன்றலாம். நம்மிடம் மூன்றும் ஒரே தெருவில் ஒரே நாளில் இருக்கின்றன. ஒரு வீட்டில் வாங்குவது கிழிவதை முந்துகிறது. இன்னொரு வீட்டில் கிழிவது வாங்குவதை முந்துகிறது. முதல் வீட்டின் கழிவு இரண்டாவது வீட்டின் உடை. ஆகவே 'குறைவாக வாங்குங்கள், பழையதை உடுத்துங்கள்' என்கிற அறவுரை யாரை நோக்கி என்று கேட்டாக வேண்டும். அலமாரி நிறைய வைத்திருப்பவருக்கு அது அறம். தலைமுறை தலைமுறையாகப் பழையதையே உடுத்தும்படி கட்டாயப்படுத்தப்பட்டவருக்கு, பொங்கலுக்கு எடுக்கும் மடிப்புக் கலையாத புதுச்சட்டையை நுகர்வு வெறி என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அது அவர் ஜெயித்த ஒரு வழக்கு. பழந்துணி உடுத்துவதை ஃபேஷனாக்கி, 'விண்டேஜ்' என்று பெயர் வைத்து விலையேற்றி விற்பவர்களுக்கு இந்த வழக்கு ஞாபகம் இருக்காது.

6

அப்படியானால் என்ன செய்யறது, சுழற்சியே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். நொய்யலைப் பார்த்த எவரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சுழற்சிக்கான நிபந்தனைகளை யார் வகுப்பது என்பதில்தான் என் அக்கறை. விவாதத்துக்காகச் சிலவற்றை வைக்கிறேன்.

முதலாவது, அளவு. எத்தனை சதவீதம் மறுசுழற்சி நார் என்று கேட்பதை நிறுத்தி, மொத்தம் எத்தனை உருப்படி செய்கிறீர்கள் என்று நிறுவனங்களைக் கேட்க வேண்டும். எறிவதற்கென்றே செய்கிறார்கள் என்பதற்கு அத்தாட்சி உண்டு: பர்பெரி நிறுவனம் 2017ஆம் ஆண்டில் மட்டும் விற்காத 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள சரக்கை அழித்தது அதன் சொந்தக் கணக்கறிக்கையிலேயே வெளிவந்தது. விற்காத ஆடைகளை அழிப்பதைத் தடுக்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்தது. பெரிய நிறுவனங்களுக்கு அது 2026 ஜூலை முதல் என்று நாள் குறித்தது. நல்லது. அழிக்காமல் ஆக்ராவுக்கு அனுப்பினால் என்ன என்பதற்கு அதில் போதுமான பதில் இல்லை.

இரண்டாவது, வடிவமைப்பு. ஒரே நாரில் நெய்தது, கழற்றக்கூடிய பொத்தான், பிரிக்கக்கூடிய தையல், துவைத்தால் தாங்கும் துணி. குடோனில் துணியைப் பிரிக்கும் பெண்களைக் கேட்டால் எது பிரியும், எது பிரியாது என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள். எந்த டிசைனரும் அவர்களைக் கேட்பதாகத் தெரியவில்லை.

மூன்றாவது, பொறுப்பு. விற்றவன் கழிவுக்கும் பணம் கட்ட வேண்டும் என்கிற சட்டம் பிரான்சில் ஆடைகளுக்கு 2007 முதல் இருக்கிறது. 2023 முதல் அந்தப் பணத்திலிருந்து துணி தைத்துச் சரிசெய்யக் கொஞ்சம் மானியமும் தருகிறார்கள். ஆனால் வசூலான பணம் பெரும்பாலும் வசூலான நாட்டிலேயே செலவாகிறது. துணி எங்கே போய்ச் சேருகிறதோ, எங்கே கசடு தேங்குகிறதோ, அங்கே அந்தப் பணம் போக வேண்டும். சாயப்பட்டறையின் நீர்ச் செலவு சட்டையின் விலையில் தெரிய வேண்டும்.

நான்காவதுதான் எனக்கு முக்கியம்: உழைப்பு. பிரிப்பது, கிழிப்பது, வெளுப்பது, ஒட்டுப் போடுவது ஆகிய வேலைகள் இல்லாமல் சுழற்சி ஒரு அங்குலம் நகராது. இவை இன்று கணக்கில் வராத, பஞ்சுத்தூசி மூச்சில் ஏறும், பெண்களும் தலித்துகளும் புலம்பெயர்ந்தவர்களும் செய்யும் வேலைகள். இவற்றுக்கு முகக்கவசமும் முறையான கூலியும் காப்பீடும் சங்கமும் இல்லாத 'சுழற்சி', மனுவின் பத்தாம் அத்தியாயத்துக்குப் பச்சை அட்டை போட்ட மறுபதிப்பு. அவை இருந்தால் மறுசுழற்சி நூல் இன்றைய விலைக்குக் கிடைக்காது. கிடைக்க வேண்டியதுமில்லை. துணியின் விலை ஏறினால் வாங்கும் வேகம் குறையும். கிழிகிற வேகத்தை அது முந்தாமல் நிற்கும்.

அப்போது ஏழைகளுக்குப் புதுத்துணி எப்படி என்கிற கேள்வி வரும். நியாயமான கேள்வி. துணியை மலிவாக்கி அதற்குப் பதில் சொல்வதுதான் இதுவரை நடந்தது. அந்த மலிவு தைப்பவரின் கூலியிலிருந்தே பிடுங்கப்பட்டது. கூலியை ஏற்றிச் சொல்லும் பதிலை யாரும் இன்னும் சொல்லிப் பார்க்கவில்லை. தோழர்கள் இதை எடுத்து விவாதிக்க வேண்டும்.